கையைத் தூக்கி நின்ற மாப்பிள்ளை

11 மார்ச் 2011, வெள்ளி, மாலை 6.10

ஹரிக்குப் போட்ட போன் கால் முப்பத்தொன்று. எடுத்தது பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜப்பான்காரியின் பதிவுக் குரல், மிக மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது.

நம் நேரம் காலை பதினொன்றே காலுக்கு நிலநடுக்கம். அப்போது நான் எண்ணூர் பக்கம் சைட்டில். மதியம் கேன்டீன் டிவியில்தான் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக வயலுக்குள் ஏறி வருகிறது. வீடுகள் மிதந்து வருகின்றன, சில வீடுகள் எரிந்துகொண்டே. பக்கத்தில் இருந்தவன் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.

வீட்டுக்கு வந்தால் தங்கை துர்கா டிவிக்கு நேரே தரையில். தை மாசம் தட்டு மாற்றியபோது ஹரி வீட்டில் போட்ட மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். வைகாசியில் கல்யாணம், ஆனியில் அவனோடு ஜப்பானில் கோரியாமா போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிய பேப்பர் டிவி மேலேயே கிடக்கிறது. கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஹரி அங்கே இன்ஜினியர்.

அப்பா கேட்டார்: "அது கடலோரமாடா?"

"இல்லப்பா. அறுபது கிலோமீட்டர் உள்ள."

"அப்ப எல்லாரும் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சினு இருக்கீங்க?"

12 மார்ச், சனி

காலையில் ஹரியிடமிருந்து மெயில், நான்கு வரி. உயிரோடு இருக்கிறான். ஃபாக்டரிக் கூரை இறங்கிவிட்டது, ஆட்கள் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். குடிதண்ணீருக்கு வரிசை. துர்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

துர்கா சாப்பிட்டாள்.

மதியம் கடலோரத்து அணு உலையில் ஒரு கட்டடம் வெடித்ததைக் காட்டினார்கள். வெடித்தது உலை இல்லை, அதன் மேல் கட்டடம், ஹைட்ரஜன் சேர்ந்து போய் வெடித்திருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்பா ரிமோட்டை வாங்கி நாக்பூர் மேட்சைப் போட்டார். கடைசி ஓவரில் இந்தியா தோற்றது. அம்மா முதற்கொண்டு எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு நாளில் இந்த வீட்டில் நான் கேட்ட முதல் உச்சு அதுதான்.

13 மார்ச், ஞாயிறு

அஞ்சம்மாள் கூடையோடு கேட்டில் நின்றாள். கோவளத்திலிருந்து பத்து வருஷமாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். இரண்டாயிரத்து நாலில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள். ஜன்னல் வழியாக டிவி தெரிந்தது. அதே அலை, இருபதாவது தடவை.

அம்மா வஞ்சிரம் என்ன விலை என்றாள்.

"அந்த டிவிய அணைச்சுட்டு வாம்மா. அப்பறம் வெல சொல்றேன்."

15 மார்ச், செவ்வாய்

இன்னும் இரண்டு வெடிப்பு. உலையைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஹரி அதற்கு வெளியே, ஆனால் காற்று அவன் பக்கம் திரும்பியிருக்கிறது. இதை துர்காவிடம் சொல்லவில்லை.

கோவிலம்பாக்கத்திலிருந்து அங்காளம்மா அத்தை வந்தாள், செல்லில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸோடு. ஜப்பான் விஷக்காற்று வருகிறதாம், மழையில் நனையக் கூடாதாம். மார்ச் மாசம் தாம்பரத்தில் ஏது மழை? அதைச் சொன்னேன். அத்தை என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி, குரலை இறக்கினாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒடம்புல எறங்கியிருந்தா கொழந்த நிக்காதாம் தாயாரு. நின்னாலும் ஊனமாம். எங்க தெருல டாக்டருக்குப் படிக்கற பொண்ணே சொல்லுச்சு."

அம்மா எழுந்து போய் காலண்டரில் வைகாசியைப் புரட்டினாள். உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

16 மார்ச், புதன்

அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். கோரியாமாவில் அளந்த கதிர்வீச்சு அளவு வெளியாகியிருக்கிறது. இரவும் பகலும் வெட்டவெளியில் நின்றாலும் ஹரிக்கு ஒரு வாரத்தில் அரை மில்லிசீவர்ட்டுக்கு மேல் வராது. எனக்குப் போன வருஷம், வேலையில் கதிர்வீச்சை அளக்க மாட்டும் பேட்ஜில் வந்தது இரண்டரை.

"உனக்கு எதுக்கு வருது?" என்றார் அப்பா.

நான்கு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பைப்பில் போட்ட வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. கதிர்வீச்சு விடும் இரிடியம் துண்டைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளி, மறுபக்கம் ஃபிலிம் வைத்து எடுக்கிறோம். அந்தப் பெட்டியைக் கேமரா என்போம். அப்பா கடைக்கு சிமென்ட் வாங்க வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருப்பது, பையன் கம்பெனியில் போட்டோ எடுக்கிறான் என்று. திருத்தியதில்லை. சோம்பேறித்தனம்.

இன்று திருத்தினேன். கல்பாக்கம் அணு உலையையும் சொன்னேன். நம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஹரிக்கு அறுபது.

"அது நம்மூரு. இன்னும் வெடிக்கலயே" என்றார். அந்தப் பக்கம் அவருக்கு இரண்டு மனை விற்காமல் இருக்கிறது.

20 மார்ச், ஞாயிறு

ஹரி வந்துவிட்டான். வெளிநாட்டு ஆட்களை எல்லாம் கம்பெனியே அனுப்பிவிட்டது. ஏர்போர்ட்டுக்கு நானும் துர்காவும் போனோம். இளைத்திருக்கிறான். அவளைப் பார்த்துச் சிரித்தான். கார் மேடவாக்கம் கூட்ரோட்டில் தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றபோது, லாரியிலிருந்து ஒழுகுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா வரவில்லை. சேப்பாக்கத்தில் மேட்ச்.

23 மார்ச், புதன்

அப்பா: "டெஸ்ட் எடுத்து சர்டிஃபிகேட் குடுக்கட்டும். அப்பறம் பத்திரிகை அடிக்கலாம்."

என்ன டெஸ்ட் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்திருந்தது, வாயால் சொல்லக் கூசினாள். துர்கா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முட்டாள்கள். எண்ணைச் சொன்னால் புரியாது, கண்ணால் பார்த்தால் புரியுமல்லவா? சைட்டில் கதிர்வீச்சு அளக்கும் சர்வே மீட்டர் இருக்கிறது. சனிக்கிழமை எடுத்து வந்து திங்கட்கிழமை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்து வரக் கூடாது. எடுத்து வரப் போகிறேன்.

27 மார்ச், ஞாயிறு

முழுசாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு ஹரியும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். பத்திரிகை விஷயம் பேச என்றுதான் அப்பா கூப்பிட்டிருந்தார். ஹரியின் அப்பா தனசேகர் மாமா மேடவாக்கத்தில் பழைய குடும்பம். ஏரிப் பாசன நிலம் இருந்த இடத்தில் இன்று மூன்று அபார்ட்மென்ட் நிற்கிறது. அத்தையும் சோபாவில் இருந்தாள். அம்மா காபி கொடுத்தாள்.

நான் மீட்டரை எடுத்தேன். ஒரே நிமிஷம், எல்லார் சந்தேகமும் தீர்ந்துவிடும் என்றேன். "ஹரி, கொஞ்சம் நில்லு."

நின்றான். நான் வேறெதுவும் சொல்லவில்லை. அவனாகவே கால்களை அகட்டினான். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, உள்ளங்கையை மேலே காட்டினான். முன்பக்கம் முடித்ததும் தானே திரும்பினான். பிறகு ஒவ்வொரு காலாக மடக்கி, பாதத்தைக் காட்டினான்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். ஆமாம், சிரித்துக்கொண்டேதான்.

"அங்க ஒரு ஜிம்ல வெச்சுப் பாத்தாங்க. கடலோரத்துல இருந்து வந்தவங்களோட வரிசைல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, கைக்கொழந்தையோட. மெஷின் வெச்சிருந்தவரு ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு மன்னிப்பு கேட்டுட்டுத்தான் அதைத் தூக்குனாரு."

மீட்டரில் ஒன்றுமில்லை. சுவரில் வருவதுதான் அவனிடமும். ஆனால் சத்தத்தை அணைக்க மறந்திருந்தேன். சும்மா வைத்தாலே அது டிக், டிக் என்று விட்டுவிட்டு அடிக்கும். நாலு வருஷப் பழக்கத்தில் என் காதில் அது விழுவதே இல்லை.

"கத்துதுடா" என்றாள் அத்தை.

அது எல்லாவற்றுக்கும் கத்தும், அத்தை, இங்கே பாருங்கள் என்று தரையில் வைத்தேன். அப்பா ஆசையாகப் போட்ட கிரானைட். அங்கே இன்னும் வேகமாக அடித்தது. கிரானைட்டில் இயற்கையாகவே இருக்கும், ஹரியைவிட இந்தத் தரைதான் அதிகம் என்றேன். அத்தை காலைத் தூக்கி சோபா மேல் வைத்துக்கொண்டாள். அம்மாவும்.

அப்போது அப்பா சொன்னார்: "சரி, இன்னொரு வாட்டி வெச்சுப் பாரு. வயித்துக்குக் கீழ."

வைத்தேன்.

ஏன் வைத்தேன்? அங்கேயும் ஒன்றுமில்லை என்று காட்டத்தான். வேறெந்த எண்ணமும் இல்லை. ஹரியின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அவன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துர்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

தனசேகர் மாமா காபியைக் கீழே வைத்தார். கத்தவில்லை.

"எங்க அப்பாரு காலத்துல சந்தைக்கு மாடு வாங்கப் போவோம். பல்லப் புடிச்சுப் பாப்போம், வாலத் தூக்கிப் பாப்போம். ஆனா வித்தவன எதிர்ல உக்கார வெச்சு காபி குடுத்துக்கினு பாத்ததில்ல, துளசிங்கம். வாடா ஹரி."

அப்புறம்தான் அவன் கையை இறக்கினான்.

அவர்கள் கார் கிளம்பிய பிறகும் மீட்டர் அடித்துக்கொண்டிருந்தது. துர்கா வந்து என் கையிலிருந்து வாங்கி, எந்தப் பட்டன் என்று தேடி, அணைத்தாள்.

28 மார்ச், திங்கள்

மீட்டரைத் திரும்ப வைத்தாயிற்று. யாருக்கும் தெரியாது.

3 ஏப்ரல், ஞாயிறு

நேற்று உலகக் கோப்பை. தெருவெல்லாம் பட்டாசு. காலையில் வாசல் முழுக்கச் சிவப்புக் காகிதம். அதை மிதித்துக்கொண்டு மேடவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், நிச்சயத்துக்கு நாங்கள் ஹரிக்குப் போட்ட செயினும் தட்டுமாக. அம்மா நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பாஸ்போர்ட் பேப்பரை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். "இனிமே அது எதுக்கு."

நான் துர்காவிடம், அவர்கள்தானே முறித்தார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை — போதும். ஒரு வாரமாக என்னிடம் அவள் பேசவில்லை. தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள், போய்விடுகிறாள்.

என் கணக்கு சரிதானே? ஒரு எண்கூடத் தப்பில்லையே?

12 ஏப்ரல், செவ்வாய்

அந்த அணு உலை விபத்தை ஏழாம் நிலைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் நிலை கிடையாது. அப்பா பேப்பரை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாத்தியா? ஏழு. நல்லவேளை தப்பிச்சோம்."

பதின்மூன்றாயிரம் பேர் செத்திருக்கிறார்கள். அதே பக்கத்தில், கீழே. நாங்கள் தப்பித்தோமாம்.

14 ஏப்ரல், வியாழன்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

19 ஏப்ரல், செவ்வாய்

ஹரி கோரியாமாவுக்குத் திரும்பிவிட்டானாம். கூரையைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள், வேலை ஆரம்பம். கடைக்கு வந்தவர் சொன்னதை அப்பா சாப்பாட்டில் சொன்னார், ஒரு பைத்தியக்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "போயும் போயும் அங்கயே போறான் பாரு."

இங்கே இருந்து என்ன செய்வான்? கையைத் தூக்கிக்கொண்டு நிற்பானா?

துர்கா எழுந்து கை கழுவப் போனாள். அவள் முகத்தில் எதுவுமில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

26 ஏப்ரல், செவ்வாய்

மண்டபத்துக்கு வைகாசித் தேதி எடுத்தாயிற்று, வீணாகக் கூடாதாம். மண்டபத்துக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். சேலையூரில் ஒரு இடம். ஞாயிறு வருகிறார்கள்.

1 மே, ஞாயிறு, மாலை

சேலையூர்க்காரரும் மனைவியும் பையனும் வந்தார்கள். பையன் நல்ல மாதிரிதான், வங்கியில் வேலை. அதே சோபா. அதே கிரானைட்.

பழைய சம்பந்தம் ஏன் நின்றது என்று அவர் கேட்டார். "ஜப்பான் பிரச்சனைங்க. ரேடியேஷன். நாங்களே வேணாம்னுட்டோம்" என்றார் அப்பா. அவர்கள் தலையாட்டினார்கள். பொண்ணு விஷயத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருக்கணும் என்றார் அந்தம்மா.

"தம்பி என்ன பண்றாரு?"

"கம்பெனில போட்டோ எடுக்கறான்."

துர்கா காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக எனக்கு நீட்டினாள். ஐந்து வாரம் கழித்து, முதல் தடவையாக:

"அண்ணா, நீ என்ன வேலை பண்றேன்னு சாருக்கு ஒழுங்கா சொல்லு."

அவளைப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

சொன்னேன். இரிடியம், பெட்டி, பேட்ஜ், எல்லாம். போன வருஷம் எனக்கு இரண்டரை மில்லிசீவர்ட், ஜப்பான் மாப்பிள்ளைக்கு வந்ததைப் போல ஐந்து மடங்கு, அனுமதித்த அளவுக்கு ரொம்பக் கீழே, ஆபத்தில்லை. கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். அப்பா இரண்டு தடவை இருமினார். நான் நிறுத்தவில்லை.

சேலையூர்க்காரர் டம்ளரைப் பாதியில் வைத்தார். அந்தம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"வீட்ல எல்லாருக்கும் ஒரே பாத்ரூமுங்களா?"

"ஒரே பாத்ரூம்தான் மேடம். இவளும் அதேதான்."

அடுப்படியில் துர்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பத்து நிமிஷத்தில் கிளம்பினார்கள், போன் பண்றோம் என்று. அப்பா கேட்டைச் சாத்திவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ இந்த வூட்ல இருக்காத." அம்மா அழுதாள். எனக்காக அழுதாளா, பேட்ஜுக்காகவா, தெரியவில்லை.

துர்கா வந்து ஆறிப்போன என் காபியை எடுத்துக்கொண்டு போய், சூடு பண்ணி வைத்தாள். பக்கத்தில் பீரோ சாவி. அதையும் அவள்தான் வைத்தாள்.

இனி:

1. கேம்ப் ரோடு பக்கம் ரூம் பார்ப்பது. அப்பா மனசு மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. மீட்டரை வெளியே எடுத்துப் போனதை நாளை காலை சேஃப்டி ஆபீசரிடம் நானே சொல்வது. சஸ்பெண்ட் பண்ணினால் பண்ணட்டும்.

3. மேடவாக்கம். வெறும் கையோடு. தனசேகர் மாமா முன்னால் முதலில் குனிய வேண்டும். விளக்கம் கூடாது, ஒரு எண்கூட வாயில் வரக் கூடாது.

4. ஹரிக்கு மெயில். ஒரே வரி.

5. செவ்வாய், பீரோவிலிருந்து பேப்பரை எடுத்துக்கொண்டு துர்காவை பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப் போவது. எந்த ஊருக்கு என்று கேட்கக் கூடாது.