நாலாவது திருத்தம்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். ஆம்பூர்.

உறுதியானது: என் அறிக்கையில் வந்த பெண்ணைத் தையல் லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மூலம்: ஷூ கம்பெனியின் எச்.ஆர். மேலாளர். நேரில், டீ கொடுத்துக்கொண்டே சொன்னது.

பின்னணி: நான், வயது 48, பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் ஆண்டு. கம்பெனியின் ஆலோசனை அறையில் 120 மணி நேரப் பயிற்சி, 96 முடிந்தது. கம்பெனி சான்றிதழ் தந்தால்தான் கல்லூரியில் மதிப்பெண், அது வந்தால்தான் எம்.எஸ்சி. விண்ணப்பம். வார அறிக்கையில் கம்பெனி முத்திரை வாங்கிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். முத்திரை போடுகிறவர் படித்தும் பார்ப்பார் என்பது 22 வருஷம் நிருபராக இருந்தவளுக்குத் தோன்றவில்லை.

பெயர் போடவில்லை. ஆனால் ‘இன்ன ஊர் பஸ்ஸில் வரும், இடதுகைப் பழக்கமுள்ள தையல் தொழிலாளி, மெஷின் முன் உட்கார்ந்து அழுகிறார்’ என்று எழுதியிருந்தேன். ஊர் பெயரோடு. இங்கே அது வேண்டாம்.

“பேர் போடலன்னாலும் கரெக்டா போட்டிருந்தீங்க மேடம். ரெண்டே நிமிஷத்துல கண்டுபுடிச்சிட்டோம். அந்த பஸ்ல லெஃப்ட் ஹேண்டு ஒருத்தங்கதான்.”

பாராட்டு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு மோசமான பாராட்டு வாங்கியதில்லை.

“அழுதுகினே தெச்சு ஊசி கையில ஏறிச்சின்னா யார் பதில் சொல்றது? உங்க ரூமுக்கு வந்த மத்த பதினோரு பேர் லைன் நம்பரையும் போட்டுக் குடுங்க. சர்டிஃபிகேட் உடனே ரெடி பண்றேன்.”

“தர மாட்டேன் சார்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க.”

டீயைக் குடிக்கவில்லை. நல்ல டீ, இஞ்சி போட்டது.

பிப். 4, புதன்

மதியம் மேகம். மழை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில், அறிக்கையில் வந்த அந்தப் பெண்ணே ஆலோசனை அறைக்கு வந்தார். கதவைத் திறந்து வைத்தபடி நின்றார். உட்காரவில்லை.

“பேர் சொல்ல மாட்டேன்னுதான சொன்னீங்க?”

“சொல்லலம்மா.”

“கையச் சொல்லிட்டீங்களே அக்கா.”

மன்னிப்பு கேட்டேன்.

“மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது? பஸ்ல என்ன லூசுன்றாங்க. பன்னெண்டு வருஷம் ஷூ அப்பர் தெச்சேன். ஒரு ஜோடி திரும்பி வந்ததில்ல. இப்ப நின்னுகினு பொட்டி மடிக்கிறேன். நான் லைனுக்குப் போவணும். அத எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே.”

போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது.

இந்த அறையில் முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. கல்லூரி கொடுத்த கேள்வித்தாள்: ‘கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வு உணர்ந்தீர்களா?’ எல்லோரும் “இல்லீங்க மேடம்.” ஒருநாள் தாளை மூடி வைத்துவிட்டு “பேஜாரா இருக்கா?” என்று கேட்டேன். “அய்யோ, அத ஏன் கேக்கறீங்க” என்று ஆரம்பித்தவர்தான் இவர். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் மூலமாகத்தான் மற்றவர்களும் வந்தார்கள்.

இன்று ஒருவரும் வரவில்லை. நான்கு மணி நேரம், காலி நாற்காலி. மொத்தம் 100.

பிப். 5, வியாழன்

வேலூர், கல்லூரி. ஃபேன் ஓடவில்லை.

என் வழிகாட்டி ஷாஹிதா மேம். 31 வயது. அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“நீங்க எழுதினது செய்தி மேடம். கேஸ் ரிப்போர்ட் இல்ல.”

“விவரம் ஜாஸ்தி இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்.”

“தப்பு உங்களோடது. அத படிச்சிட்டு கையெழுத்து போட்டேன் பாருங்க, அது என்னோடது. அதுக்காக மீதிப் பேரையும் குடுக்கணும்னு இல்ல.”

சான்றிதழ்?

“வராமப் போகலாம். இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் வேற எடத்துல பயிற்சி.”

அடுத்த வருஷம் 49. பிறகு எம்.எஸ்சி., மேற்பயிற்சி, பதிவு. ஆலோசகர் நாற்காலியில் முறைப்படி உட்காரும்போது 53 என்று கணக்கு வைத்திருந்தேன். 54 ஆகட்டும். நாற்காலி ஓடிவிடாது.

பழைய ஆபீஸ் தோஸ்த் போன். “இன்னா மேடம், டாக்டர் ஆயிட்டீங்களா? எங்களுக்கு ஒரு டோக்கன் போட்டு வைங்க.” அவருக்கு டோக்கன் பத்தாது, தனி வார்டே வேணும் என்றேன். சிரித்தார். வைத்தபின் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

லாங் பஜார்: கறுப்பு மார்க்கர் 2, எலுமிச்சை, செருப்புக்கு வார். தள்ளுவண்டி காலில் ஏறியது. திட்டியது வண்டிக்காரர், என்னை.

பிப். 6, வெள்ளி

வெயில்.

பதினோரு பேர் குறிப்பிலும் ஊர், லைன், ஷிப்ட், வயது, எல்லாம் மார்க்கரால் அடித்தேன். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க” என்பதையும் அடித்தேன். ஒரு பக்கத்தில் மிஞ்சியது “தூக்கம் வரல” மட்டும். அது யாருக்கும் பொருந்தும்.

கூடவே ஒரு தனித் தாள். பத்திரிகையில் என் செய்திக்கு மூன்று முறை திருத்தம் வந்திருக்கிறது, ஐந்தாம் பக்கத்து அடியில், பொடி எழுத்தில். மூன்று முறையும் வெட்கப்பட்டு அந்தப் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இது நாலாவது. பெரிய எழுத்தில் எழுதினேன்:

‘திருத்தம்: பயிற்சி மாணவியின் அறிக்கையில் ஒரு தொழிலாளியை அடையாளம் காட்டும் விவரங்கள் இடம்பெற்றுவிட்டன. தவறு மாணவியுடையது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துப் பெற்ற பேச்சை வைத்து அவரைப் பணி மாற்றியது செல்லாது. அவரைப் பழைய லைனிலேயே அமர்த்த வேண்டும்.’

தாளைப் படித்துவிட்டு மேலாளர்: “இது இன்னா மேடம், பேப்பர்ல வர்ற மாதிரி?”

“அங்க கத்துக்கிட்டதுதான் சார்.”

“சர்டிஃபிகேட் வேணாமா?”

“வேணும். இன்னும் இருபது மணி நேரம் பாக்கி, முடிச்சிட்டு வாங்கிக்கறேன்.”

“மாத்தினது அவங்க நல்லதுக்குத்தான்.”

“அவங்கள கேட்டீங்களா?”

அவர் போனை எடுத்தார். அது அடிக்கவில்லை.

வெளியே வந்து குழாயில் கை கழுவினேன். விரலெல்லாம் மார்க்கர் கறை.

பிப். 7, சனி

திரும்பவும் பனி.

கல்லூரியின் உளவியல் துறைக் கடிதம் கம்பெனி தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. மூலம்: ஷாஹிதா மேம், வாட்ஸாப்பில் நகல். என் திருத்தத்தை அப்படியே சேர்த்திருக்கிறார். ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி.

நிலுவை:

சான்றிதழ். கையெழுத்தாகவில்லை. கடிதத்துக்குப் பதில் புதன்கிழமைக்குள் என்கிறார்கள்.

பயிற்சி. வர வேண்டாம் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆகவே போவேன்.

லைன். திங்கள் காலை ஷிப்ட் பஸ் வரும்போது தெரியும். கேட்டுக்கு உள்ளே வலது பக்கம் பேக்கிங், இடது பக்கம் தையல். நான் அங்கே நிற்பேன். யார் இறங்கினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்ப்பேன். இந்த நோட்டில் எழுத மாட்டேன்.