பங்குக்கோல் அறுக்கும் உளியைக் குறித்து வாள்வல்லரையருக்கு

மங்கலம் நிறைக. மழையும் விளைவும் குறைவின்றி வருக. குன்றக்கரை நாட்டையும் அதன் மூன்று ஆற்றுத் துறைகளையும் காக்கும் பேரரசி செருவல்லியார், தம் படைக்கலக் கொட்டிலின் தலைவரும் பல போர்களில் மார்பில் புண் ஏற்றவருமான வாள்வல்லரையருக்கு விடுத்த திருமுகம். அரையரின் குடியும் கொட்டிலின் உலைகளும் நலம் பெறுக.

இரு நாடுகள் சமாதானம் கொண்டால், ஒரே மரத்தில் கடைந்த பங்குக்கோலை இரு நாட்டார் முன்னிலையில் அறுத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வதும், அறுத்த முகங்கள் இழைக்கு இழை பொருந்தினாலன்றி உடன்படிக்கை செல்லாது என்பதும் அரையர் அறிந்தவையே. சென்ற திங்கள் கடைசல்காரி ஏறன் பொற்காளி கோலை அறுக்கையில், உளி பாதி வழியில் இறுகிக்கொண்டது. மரம் புகைந்து, அறுத்த முகம் கரிந்துபோயிற்று. உடன்படிக்கைக்கு வந்திருந்த மேற்கு நாட்டுத் தூதர் எழுந்து போனார். பொற்காளியின் கவனக்குறைவே காரணம் என்றும், அவளது வலக்கையை வெட்டி வாங்கிவிட வேண்டும் என்றும் அரையர் அவையில் முறையிட்டார்.

தீர்ப்புச் சொல்லுமுன் அரசியார் அவள் பட்டறைக்கே சென்றார். பொற்காளி அழவுமில்லை, காலில் விழவுமில்லை. அந்த உளியைக் கொண்டுவரச் சொன்னாள். அதன் உடல் நடுவில் தடித்து, மேலும் கீழும் மெலிந்தது. இரண்டு பக்கச் சரிவும் அந்தத் தடித்த இடத்தில் சந்தித்து முனையாக வேண்டும். கொட்டிலாரோ விழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று வாளைத் தீட்டுவதுபோல் ஒரு பக்கமாகவே தீட்டி, முகம் பார்க்கும்படி மினுக்கி, முனையைக் கீழே இறக்கிவிட்டிருந்தனர். கோல் அறுக்குமுன்பே அவள் சாணைக்கல் கேட்டிருக்கிறாள். அரச முத்திரை பெற்ற உளியில் வேறு கல் படலாகாது என்று மறுத்துவிட்டார்களாம். வாயைச் சிறுக்க வைத்து வயிற்றைப் பெருக்க விட்டால் நுழைந்த உளி எப்படி நகரும் என்று அரசியாரின் முகத்தைப் பார்த்தே கேட்டாள். உளியைத் தீட்டக் கொட்டிலுக்கு அனுப்பிய ஓலையில் இருந்தது அரசியாரின் முத்திரையே. அதற்காக அவர் வெட்கப்பட்டார் என்பதையும் அரையர் அறிக.

பின் அவள் கல்லில் நீர் தெளித்து, இரு சரிவையும் மாற்றி மாற்றித் தேய்த்து, முனையை நடுவுக்கு ஏற்றினாள். கடைசல் பொறியில் வேறொரு மரத்தைப் பூட்டிக் கயிறிழுக்க, அது சுழன்றது. சரிவை முதலில் மரத்தில் சாய்த்து, பிடியை மெல்ல உயர்த்தி, உளியைவிட வழி சற்றே அகலமாகும்படி அறுத்தாள். துண்டு அவள் இடக்கையில் விழுந்தது. அரசியார் அதன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கரியும் இல்லை, பிசிரும் இல்லை.

ஆகவே ஆணை. கை வாங்கும் பேச்சு இனி அவையில் எழலாகாது. மேற்கு நாட்டார் மீண்டும் ஒருமுறை வர இசைந்துள்ளனர். மூன்றாம் முறை வரமாட்டார்கள். வளர்பிறை ஏழாம் நாள் காலை கோல் அறுபடும். உளியைப் பொற்காளி தவிர எவரும் தீட்டலாகாது. கோல் நீளமாகையால், கடைசி இழை பிய்ந்துவிடாதபடி மறுபாதியை ஒருவர் அசையாமல் தாங்க வேண்டும். யாரை அமர்த்தலாம் என்று அரசியார் கேட்டார். அவையில் நடுங்காத கை அரையருடையது ஒன்றே என்று பொற்காளி சொன்னாள்.

அந்தக் கையோடு அரையர் வந்து சேர்க. அரசியார் தம் கையால் முத்திரையிட்டது.