நீ பாதியில் விட்ட ஆணி

மச்சான்,

என் கையில் இன்னும் சுவர்த்தூள் மணக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. சீமெந்தும் பழைய சுண்ணாம்பும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. இன்று காலை எங்கள் ஹோல் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். ஆளைப் பிடித்து அடிப்பிக்கவில்லை, நானேதான் அடித்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தை வாசி.

கொழும்பில் இந்த வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் பால் காய்ச்சிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பத்தொன்பது வருடமாகிறது. வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்கும் பீங்கான் கோப்பையும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தாய். அதோடு விட்டாயா? காற்சட்டைப் பைக்குள் கொங்கிறீட் ஆணி, பழைய பேப்பரில் சுற்றிய சுத்தியல். கொட்டாஞ்சேனையில் இருந்து சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பஸ்ஸில் சுத்தியலோடு குடிபூரலுக்கு வந்த ஒரே ஆள் நீதான். வந்ததும் யாரையும் கேட்காமல் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியை வைத்து ஓர் அடியும் அடித்துவிட்டாய்.

"அடிக்காதை, இறங்கு" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி கையில் இருந்த பால் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா மச்சான், ஒன் வீடுதானே? வாடகை வீடா?"

"சுவர் பழுதாப்போகும். நாங்கள் போகேக்கை ஆருக்கும் விக்கிறதெண்டால் வடிவாக் கிடக்கவேணும்."

"எங்க போகப்போற?"

"வேறை எங்கை? ஊருக்குத்தான்."

சாவி கைக்கு வந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. நான் விட்டுப் போவதைப் பற்றிக் கதைக்கிறேன். நீ கதிரையில் இருந்து இறங்கினாய். "சரி, நீ சொல்றப்ப அடிப்போம்" என்று சுத்தியலையும் ஆணியையும் அலுமாரிக்கு மேலே வைத்தாய். கடிகாரமும் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. சுவரில் கடலைப்பருப்பு அளவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு மூன்று முறை பெயின்ற் அடித்தோம். அந்தப் பள்ளம் மூடவேயில்லை.

அந்தக் கோபம் உன்மேல் வந்ததல்ல, மச்சான். இருபத்தொரு வயதில் நீர்வேலியில் இருந்து வந்து, எத்தனையோ வாடகை அறைகள், அனெக்ஸ்கள் மாறியிருக்கிறேன். ஒரு சுவரிலும் ஆணி அடித்ததில்லை. கலண்டர் யன்னல் கொளுக்கியில் தொங்கும். சாமிப்படங்கள் தட்டில் நிற்கும். கலியாணப் படம் பிரிட்ஜுக்கு மேலே. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான். யாரையாவது எந்த ஊர் என்று கேட்டுப்பார். அரை நூற்றாண்டுக்கு முன் விட்டுவந்த ஊரின் பெயர்தான் வரும். கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளும் அதைத்தான் சொல்லும். கொழும்பு இருக்கிற இடம், வீடு அங்கே. இதை மாற்றிச் சொன்னால் செத்துப்போன அப்பாவின் முகத்தில் கதவைச் சாத்தியது போலாகிவிடும் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. உன்னிடம்கூட அதை நான் சொன்னதில்லை.

அந்தப் பயம் உனக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் செலவு வைத்தது. கொழும்புக் கோட்டையில் நம் கப்பல் கம்பனியில் அரைநாள் வேலை முடித்து, இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தோம். காலி வீதி நெரிசலுக்குள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் புரட்டிய பொலிஸ்காரர் "கம கொஹேத?" என்று ஊரைக் கேட்டார். நீ கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் "கொட்டஹேன" என்றாய், உன்னை விட்டுவிட்டார். அட்டையிலும் பொலிஸ் பதிவிலும் எனக்கு வெள்ளவத்தை முகவரி பளிச்சென்று இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி "யாப்பனய, நீர்வேலி" என்று யாழ்ப்பாணத்து ஊரைச் சொன்னேன். வடக்கு ஆள் என்றதும் அந்தச் சண்டைக்காலத்தில் விட்டுவிடுவாரா? நாலு மணித்தியாலம் பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் எதிர் மதிலில் நீ குந்தியிருக்கிறாய். வெயிலில் முகம் கறுத்து, பக்கத்தில் ஆறிப்போன இரண்டு வடை.

"அவன் ஊரக் கேட்டான், நீ ஊரச் சொன்ன. அது சரி" என்றாய். "ஆனா ஒன்னத் தேடி ஒரு ஆள் வந்தா எங்கடா வருவான்? நீர்வேலிக்கா?"

"வெள்ளவத்தைக்குத்தான். அதுக்கென்ன?"

"அப்ப அதுதான்டா வீடு. ஆள் தேடி வர்ற எடம். வேற என்னா பெரிய வெளக்கம் வேணும் ஒனக்கு?"

பசிக்கிறது, பேசாமல் வா என்று உன்னை அடக்கிவிட்டேன்.

நீ போன அன்றைக்கு மரண அறிவித்தல் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். நம் கம்பனிக் கந்தோரில் யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் அந்த வேலை என்னுடையதுதானே. கை தானாக எழுதும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட என்று. உன் வீட்டு மேசையில் வைத்து "கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும்" என்று எழுதி, கால்புள்ளியும் போட்டுவிட்டு, உன் மனைவியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன், "பிறகு எந்த இடம்?" என்று. முப்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டவன் கேட்கிற கேள்வியா அது? எங்கள் ஆட்களுக்கு எழுதி எழுதி, எல்லோருக்கும் இரண்டாவது இடம் ஒன்று இருக்கும் என்றே மனதில் பதிந்துவிட்டது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பெறகு எங்கயும் இல்ல அண்ணன். அங்கயேதான்" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்துக்குப் பின்னால் பொறாமையும் வந்தது. பெட்டிக்குள் கிடக்கிற உன்மேல் பொறாமைப்பட்டேன், மன்னித்துக்கொள். உனக்கு ஒரே இடம். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அந்த வாரமே முடிவெடுத்தேன். ஓய்வும் கிடைத்திருந்தது. நீர்வேலியில் அப்பாவின் வீட்டை ஆறேழு மாதமாகத் திருத்துவித்து, இனி அங்கேதான் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வீட்டைப் பூட்டினேனே தவிர விற்கவில்லை. ஏன் என்று என்னையே நான் கேட்கவும் இல்லை.

அங்கே ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். நல்ல தண்ணீர், வளவு நிறைய வாழை, பக்கத்து வளவில் அக்கா. ஆனால் படலையைத் தாண்டினால் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "எப்ப வந்தனீங்கள்? எப்ப திரும்பிப் போறியள்?" நாலு மாதமாக அதே கேள்வி. பின்னேரம் ஐந்தரை மணிக்கு நான் கதையை நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. வெள்ளவத்தையில் கந்தோர் ரயில் கடற்கரைப் பக்கம் சத்தத்தோடு போகிற நேரம் அது என்று மனைவிதான் சொன்னாள். அவளும் காத்திருந்திருக்கிறாள்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுக் குசினி வாசலில் நின்று வெளியே பார்த்தபடி, "என்ரை குடை வீட்டிலை கிடக்கு" என்றேன்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "எந்த வீட்டிலை?"

"வெள்ளவத்தையிலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அப்பா கட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டேனே என்று நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். அக்கா துருவலை நிறுத்தவேயில்லை.

"அப்ப போவன். ஆர் உன்னை மறிச்சது?"

அவ்வளவுதான், மச்சான். யாரும் என்னை மறிக்கவில்லை. நாற்பது வருடமாக யாரோ மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா கோபிக்கவில்லை, வீடு இடிந்து விழவில்லை, அக்காவுக்குச் சம்பலுக்குத் தேங்காய் போதுமோ என்பதுதான் கவலை. நான் மழையில் இறங்கி நனைந்துகொண்டே எங்கள் படலைவரை நடந்தேன். அப்படி இலேசாக நடந்து எத்தனை காலம் என்று சொல்லத் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மனைவி உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

கோட்டையில் ரயிலால் இறங்கி ஓட்டோ பிடித்தோம். மடியில் இருந்த வாழைக்குலையைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்தா வருகிறீர்கள் என்று சாரதி சிங்களத்தில் கேட்டான். ஓம், ஊரிலிருந்து வீட்டுக்குப் போகிறோம் என்றேன். நாக்குத் தடக்கவில்லை. காலி வீதியில் அன்று நம்மை இறக்கிய இடத்தைத் தாண்டும்போது இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

வந்து மூன்றாம் நாள், அதாவது இன்று காலை, கதவில் தட்டுச் சத்தம். திறந்தால் உன் மனைவி, வியர்த்துக் களைத்து நிற்கிறாள்.

"இதுக்கு முன்னயும் ரெண்டு தரம் வந்தேன் அண்ணன், பூட்டிக் கெடந்திச்சு. அவரோட மொத வருஷ நெனவுப் பூசைக்கு கார்டு அடிக்கணும், நீங்கதான் எழுதணும்."

"போன் எடுத்திருக்கலாமே தங்கச்சி?"

"எதுக்கு போன்? ஒங்கள தேடுனா இங்கதானே வரணும்."

நீ சொல்லிக்கொடுத்து அனுப்பினாயா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குக் காட்டாமல் தேத்தண்ணி வைக்கச் சொல்லும் சாட்டில் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அலுமாரிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மணிக்கூடு இன்னும் மாட்டலியா?" என்றாள்.

நான் கதிரையை இழுத்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உன் சுத்தியல், பிடியில் ஒட்டடை. ஆணியும் அங்கேயே கிடந்தது. என் மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் விரலால் தடவினேன், உன் பள்ளம் தட்டுப்பட்டது. ஆணி நுனி அதற்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் அடியை நீ எப்போதோ அடித்துவிட்டாய். மிச்சத்தைத்தான் நான் அடித்தேன்.

"நல்லா உயரமாக் கிடக்கு. கொஞ்சம் கீழை அடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

"அது அவன்ரை உயரம். அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன். உன் மனைவி சிரித்தாள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

உன் கார்டை எழுதி முடித்துவிட்டேன். கொட்டாஞ்சேனை என்று ஒரே ஒரு தரம்தான் வருகிறது. எனக்கு யாராவது எழுதும்போது இரண்டு இடம் வரும், வரட்டும். எது வீடு என்று கேட்டால் இனி நான் தடுமாறமாட்டேன். நேரம் பார்க்கத்தான் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது, உன் புண்ணியத்தில்.

நீ எப்போதாவது என்னைத் தேடி வந்தால் இங்கேயே வா, மச்சான். வெறுங்கையோடு வா. சுத்தியல் வீட்டில் இருக்கிறது.