ஜோடிக்கு எண்பதாயிரம்

வேளச்சேரி,
3.8.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இலக்கியா எழுதுவது. சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். ஹாஸ்டல் சமையல்காரியே பட்டினி கிடந்தால் அப்புறம் அவள் என்ன சமையல்காரி? நீங்களும் தமிழும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை. நம் பத்து வயது மகளுக்கு இரண்டு வேளையும் ரசம் ஊற்றி அனுப்பாதீர்கள்.

கழுத்து பரவாயில்லை. எலும்பு தேய்ந்திருக்கிறது, தலையில் சுமை கூடாது என்று பாண்டி டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. அரிசி மூட்டையைக்கூடத் தரையில் இழுத்துக்கொண்டுதான் போகிறேன்.

ஆதிமூலம் அண்ணன் உப்பு இறக்கிவிட்டுத் திரும்பும்போது இந்தக் கவரைக் கொடுப்பார். உள்ளே பதினோராயிரம் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் போட்டால் என்றோ கட்டி முடித்த வண்டி லோனுக்கு அபராதம் என்று அன்றைக்கே பிடித்துக்கொள்கிறார்கள். லாரிதான் நமக்கு நம்பிக்கை.

போனில் பணப்பேச்சு கூடாது என்று நாம் பேசி வைத்தது நல்லதாகப் போயிற்று. போன மாதம் நீங்கள் பாதியில் போனை வைத்தீர்களே, அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். மரக்காணத்துக்காரிக்கு உப்பு மறந்துவிட்டதாம், அறுபது பெண்களும் சிரித்தார்கள். போனில் தமிழைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவோம். கடனைத் தாளில் வைத்துக்கொள்வோம்.

முதலில் உப்பளத்துக் கலியன் முதலாளியிடம் பாக்கி இருக்கும் ஒன்பதாயிரத்தைக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். அடுத்தது என் பெயரில் இருக்கும் குழு லோன், ஐம்பத்து நான்காயிரம். வாரா வாரம் சின்னப்பாப்பா அக்கா வசூலுக்கு வரும்போது இல்லை என்று சொல்லாதீர்கள். நாம் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பெண்களும் கட்ட வேண்டும். அடகுக் கடைச் சங்கிலி கடைசி. அது அங்கே சோறா கேட்கிறது?

பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன். அதற்குப் பிறகு உப்பளம் வேண்டாம். ஈசிஆர் ஓரமாக ஒரு டிபன் வண்டி போடுவோம். பாண்டிக்குப் போகிற கார்க்காரர்கள் என் வடகறிக்கு நிற்காமல் போகட்டும், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இலக்கியா

*

மரக்காணம்,
10.8.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

பாலகுரு எழுதுவது. பணம் சரியாக இருந்தது. ரசம் விஷயத்தை உன்னிடம் போட்டுக்கொடுத்தது யார் என்று தெரியும். அவள் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

கலியனுக்கு ஒன்பதாயிரம் கொடுத்துவிட்டேன். நீ போன பிறகு உன் இடத்துக்கு ஒரு கூலிப் பெண்ணை வைத்து, அந்தக் கூலியை என் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். "ஏம்பா, ஜோடியா முன்பணம் வாங்கின. ஒத்த ஆளா நின்னா நான் இன்னா பண்றது?" என்று கேட்டார். ஆண் உப்பை வாருகிறான், பெண் சுமக்கிறாள், இரண்டும் சேர்ந்தால்தான் பாத்தி என்பது அவர் சட்டம். எப்படியோ கணக்கு முடிந்தது.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. சங்கிலி கடைசி என்கிறாய். இரும்பை ஊரில் என் தங்கச்சி வீட்டு வளைகாப்பில் நீ மஞ்சள் கயிற்றோடு நின்றாய். என் மாமன், "தாலிச் சங்கிலிய எங்கம்மா வச்சிட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நீ சிரித்தாய். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மூன்று வருடமாக அது இறங்கவில்லை.

மழைக்கு முன்னால் உப்பு நன்றாக விளைகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பாலகுரு

*

மரக்காணம்,
12.10.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

ஆதிமூலம் அண்ணன் கொடுக்கிற கருவாட்டுப் பொட்டலத்தைக் கூட இருக்கிறவர்கள் முன்னால் பிரிக்காதே. கீழே மஞ்சள் தூள் பாக்கெட் இருக்கும். அதற்குள் பார்.

பார்த்துவிட்டாயா? ஒரு சவரன், அப்படியே இருக்கிறது. கொக்கியைக்கூடச் சரிபார்த்து வாங்கினேன். வட்டியோடு நாற்பத்தேழாயிரம் ஆயிற்று. தீபாவளிக்குக் கயிற்றைக் கழற்றி, தாலியை இதில் கோத்துப் போட்டுக்கொள். போட்டோ எடுத்துத் தமிழுக்கு அனுப்பு.

பணம் எங்கிருந்து என்று கேட்பாய். கழுவெளி ஏரியில் நண்டு நன்றாகக் கிடைக்கிறது. நானும் பக்கத்துப் பாத்திக் குழந்தைசாமியும் போகிறோம்.

உன்
பாலகுரு

*

வேளச்சேரி,
26.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அழுத முகம் என்று தமிழு கேலி செய்தாள். வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். குளிக்கும்போதும் கழற்றவில்லை. ஒரு சவரனுக்கு இவ்வளவு பாரம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நன்றாக இருக்கிறது மாமா. உண்மையாகவே நன்றாக இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி. குழு லோனை முழுதாக முடித்துவிட்டேன். சின்னப்பாப்பா அக்காவிடம் ரசீது இருக்கிறது, வாங்கி வையுங்கள். ஹாஸ்டல் மேடம் தீபாவளிக்குப் போனஸ் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் நமக்குக் கடனே இல்லை! எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். நாற்பத்தேழாயிரத்துக்கு எத்தனை கூடை நண்டு வேண்டும்? புரட்டாசி மழையில் கழுவெளிக்கு இறங்கினீர்களா? எனக்குக் கணக்கு இடிக்கிறது. சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சங்கிலி போட்ட இலக்கியா

*

மரக்காணம்,
9.11.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நண்டு இல்லை. இரண்டு நாள் போனோம், வலை கிழிந்ததுதான் மிச்சம்.

கலியனிடம் அடுத்த பருவத்துக்கு முன்பணம் வாங்கினேன். ஜோடிக்கு எண்பதாயிரம். ஒற்றை ஆளுக்கு அவர் தருவதில்லை, உனக்கே தெரியும். தாளில் ஸ்டாம்பு ஒட்டி நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உன் பெயரையும் நானே எழுதினேன். சங்கிலி போக மீதியில் மளிகைக்கடை பாக்கியும், கூரைக்கு ஷீட்டும் ஆயிற்று. மழை பெய்துகொண்டிருந்தது, வேலை இல்லை. நீ அனுப்புகிற பணத்தில் நான் உட்கார்ந்து சாப்பிடுவது போல ஊரே பார்த்தது. உனக்கென்று ஒன்றாவது நான் செய்ய வேண்டும் என்றிருந்தது.

உன் கழுத்து எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்காதே. ஞாபகம் இருந்தே எழுதினேன். அதைத்தான் இத்தனை நாள் சொல்ல முடியவில்லை. சின்னக் கூடையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் கழித்து நீ வந்துவிட வேண்டும் என்கிறார் கலியன். எண்பதும் கழிய இரண்டு பருவம் ஆகும்.

திட்டு. போனில் வேண்டாம், தமிழு பக்கத்தில் இருப்பாள்.

பாலகுரு

*

வேளச்சேரி,
23.11.2025

மாமாவுக்கு,

திட்ட உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். திட்டுவதற்கு எனக்கும் யோக்கியதை இல்லை.

போனஸ் இரண்டாயிரம்தான். அக்டோபரில் ஒரு நாள் தமிழு போன் செய்து, "அம்மா, சின்னப்பாப்பா அத்தைங்க எல்லாம் நம்ம வாசல்ல உக்காந்துட்டு இருக்காங்க. தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்றாங்க. அப்பா வீட்ல இல்ல" என்றாள். நீங்கள் மூன்று வாரம் கட்டவில்லை. நான் அனுப்பிய பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் சண்டை வரும் என்று கேட்கவில்லை. மேடத்திடம் ஐம்பதாயிரம் வாங்கினேன். 2027 ஜூன் வரை வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொங்கலுக்கு நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இங்கே ஒரு தாளில் நான் இருக்கிறேன், அங்கே ஒரு தாளில் நான் இருக்கிறேன். இருப்பது ஒருத்திதான் மாமா. இங்கேயாவது என் கையால் எழுதினேன். அங்கே என்னைக் கேட்காமல் என் பெயரை எழுதினீர்களே, அதுதான் ஆறவில்லை. என் பெயரை எப்படி எழுதினீர்கள்? என் கையெழுத்து மாதிரியே போட்டீர்களா, இல்லை உங்கள் கையெழுத்திலேயேவா? இதை யோசித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கிடக்கிறேன்.

கலியனிடம் பேசுங்கள்.

இலக்கியா

*

மரக்காணம்,
30.11.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

பேசினேன். "பணமா தீக்கணும்னா எண்பதும் மொத்தமா குடு. இல்லன்னா ஆளு வரட்டும்" என்றார். சங்கிலியைத் திரும்ப அடகு வைத்தால் அறுபதுக்கு மேல் தரமாட்டார்கள். மீதிக்கு யாரிடம் போவது? கேட்கிற இடமெல்லாம் கேட்டாயிற்று.

நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "உன் பொண்ணு வளந்துட்டாளே. சனி ஞாயிறு வந்து அம்மா பங்குக்கு ரெண்டு நட தூக்கட்டும், நான் கழிச்சிக்கிறேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் பெயரை என் கையெழுத்தில்தான் எழுதினேன். உன்னுடையதைப் போலப் போட எனக்கு வரவில்லை.

பாலகுரு

*

வேளச்சேரி,
14.12.2025

மாமாவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டாமா? அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா? தலைச்சுமைக்கு நான் போனபோது எனக்குப் பதினாலு வயது. என் கழுத்தை எக்ஸ்ரே பிடித்த டாக்டர், அறுபது வயசா என்று கேட்டார். நீங்களும் பக்கத்தில்தானே நின்றீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே நகைக்கடைக்குப் போனேன். சங்கிலியை விற்றுவிட்டேன். அடகு வைக்கவில்லை, விற்றுவிட்டேன். "தாலிச் சங்கிலியாம்மா? வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கடைக்காரர் தயங்கினார். இருக்கிறார், அவருக்காகத்தான் விற்கிறேன் என்றேன். தொண்ணூற்றோராயிரம் கிடைத்தது. விலை இப்படி ஏறிக் கிடக்கிறது. அதை மீட்க நாம் வட்டி கட்டிய மூன்று வருடத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தாலி என்னிடம்தான் இருக்கிறது, கயிற்றில். உங்கள் மாமன் கேட்டால் இந்தத் தடவை நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஆதிமூலம் அண்ணனிடம் எண்பதாயிரம் கொடுத்திருக்கிறேன். கலியன் கையில் கொடுத்து, அந்தத் தாளில் இரண்டு பெயரையும் உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். மேடத்தின் கடன் என்னுடையது, அதை நான் இருந்து கழிக்கிறேன். பொங்கலுக்கு வர முடியாது. ஒன்றரை வருடம் நீங்கள் தமிழைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கால் பாத்தியில் பட்டது என்று கேள்விப்பட்டேன் என்றால், அப்புறம் உங்களுக்குக் கடிதம் வராது. அவளை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

இனிமேல் என் பெயரை நீங்கள் எங்கேயும் எழுத வேண்டாம்.

இலக்கியா

*

மரக்காணம்,
4.1.2026

அன்புள்ள இலக்கியாவுக்கு,

இதோடு நாற்பதாயிரம் வருகிறது. திருப்பி அனுப்பாதே, முழுவதும் படி.

கலியனிடம் நாற்பதை மட்டும் கொடுத்தேன். இது என் மனைவியின் பாதி, அவள் பெயரை அடியுங்கள் என்றேன். மாட்டேன் என்று ஒரு வாரம் இழுத்தார். ஆறு நாள் அவர் வாசலில் போய் நின்றேன். சின்னப்பாப்பா அக்கா நம் வாசலில் உட்கார்ந்த மாதிரியே, தண்ணீர் கொடுத்தாலும் வாங்காமல். ஏழாம் நாள் அடித்துக் கொடுத்தார். நகல் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். என் கோணல் எழுத்தில் உன் பெயர் இருக்கிறது, அதன் மேல் அவர் இழுத்த கோடும் இருக்கிறது. தமிழைப் பற்றி இன்னொரு தரம் வாயெடுத்தார். "வர மாட்டா. இனிமே கேக்காதீங்க" என்றேன். முன்பே சொல்லியிருக்க வேண்டியதுதான்.

உன்னிடம் பதினொன்று மீதி இருக்குமே. இந்த நாற்பதைச் சேர்த்தால் மேடத்துக்கு ஐம்பதைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் மிஞ்சும். என் பாதியை நான் கழிக்கிறேன். வாங்கியது நான்.

ஜோடி இல்லாமல் பாத்தி இல்லை என்றார். குழந்தைசாமியின் பெண்சாதி பிரசவத்துக்குப் போய்விட்டாள், அவனும் ஒற்றை ஆள். எங்கள் இரண்டு பேரையும் ஜோடியாக எழுதச் சொன்னேன். ஆம்பளையும் ஆம்பளையுமா என்று அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்படியானால் யார் சுமப்பது என்று கலியன் கேட்டார். நான்தான் என்றேன்.

உப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது மழைச் சேற்றை வாரிக் கொட்டுகிற வேலை. அதையும் பெண்கள் நீங்கள்தானே தலையில் எடுப்பீர்கள். இன்றைக்குப் பன்னிரண்டு கூடை எடுத்தேன். பன்னிரண்டாவதில் கழுத்துக்குள் ஏதோ சொடுக்கியது. கரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஒரு நாளைக்கு நூறு நடை என்று சொல்வாய், நான் கேட்டுக்கொண்டே உப்பை வாரிக்கொண்டிருப்பேன். பத்து வருடம், இலக்கியா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு வா. வர மனம் இல்லையென்றால் அங்கேயே இரு, மேடத்தின் தாளை மட்டும் கிழித்துவிடு. எங்கே இருப்பது என்பதை இனி நீயே சொல்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீ தலைக்குச் சும்மாடு சுற்றுவாயே, பழைய காட்டன் புடவைக் கிழிசல், அதை எங்கே வைத்தாய்? பரணில் தேடினோம், கிடைக்கவில்லை. துண்டைச் சுற்றினால் கூடை வழுக்குகிறது. எத்தனை சுற்று, முடிச்சு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தமிழிடம் போனில் சொல். இது பணப்பேச்சு இல்லை.

பாலகுரு