திங்கட்கிழமைக் கேள்விக்குப் புதன்கிழமைப் பதில்

அனுப்புநர்:
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
கண் மருத்துவமனைச் செவிலியர்,
பள்ளிக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ஆங்கில நாடகப் பாடத்தில் காதலியின் வசனத்தை உரிய கிழமைக்கு முன்பே வாசித்த குற்றத்துக்காக என் மகளின் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்பட்டது – தொடர்பாக.

பார்வை: தலைமையாசிரியர் அவர்களின் சுற்றறிக்கை. நகல் இணைத்துள்ளேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரு பழைய நாடகம் பாடமாக உள்ளது. பகையாளிக் குடும்பங்களில் பிறந்த இருவர் காதலித்து, பெரியவர்களின் வீம்பால் செத்துப்போகிறார்கள். இதைப் பாடமாக வைத்தது தங்கள் துறை, என் மகள் அல்ல என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பாடம் தொடங்கிய வாரமே தலைமையாசிரியர் அவர்கள் சுற்றறிக்கை விட்டார். காதலனின் வசனத்தை மாணவர்கள் திங்கட்கிழமை வாசிக்க வேண்டும். காதலியின் வசனத்தை மாணவிகள் புதன்கிழமை வாசிக்க வேண்டும். இருவர் குரலும் ஒரே நாளில் வகுப்பில் கேட்கக் கூடாது. ஆக, அந்தக் காதலன் திங்கட்கிழமை சுவரேறிக் குதித்து மனதைக் கொட்டிவிட்டு, புதன்கிழமை வரை தோட்டத்திலேயே கால் கடுக்க நிற்க வேண்டியது. நடுவில் செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை வேறு. வாளெடுத்துக் குத்திக்கொள்ளும் காட்சிகளுக்கு மட்டும் கிழமைக் கட்டுப்பாடு கிடையாது. யாரும் யாரையும் எந்த நாளிலும் கொல்லலாம். அதில் தலைமையாசிரியர் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

3. ஆங்கில ஆசிரியர் மெத்தப் படித்தவர் என்கிறார்கள். இந்த உத்தரவைக் கண்டதும் அவர் செய்த ஒரே காரியம், பாட அட்டவணையைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டதுதான்.

4. சென்ற திங்கட்கிழமை கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் காதலனின் வசனத்தை வாசித்தான். முடித்ததும் ஆசிரியர், "போதும், உக்காரு. பதில் புதன்கிழமை" என்றார். என் மகள் எழுந்து நின்று பதிலை வாசித்தாள். பக்கம் முடியும் வரை வாசித்தாள். அன்றுதான் அந்த வகுப்பில் எல்லோரும் பாடத்தைக் கவனித்தார்களாம். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் அவர்களும் ஜன்னலோரம் நின்று கவனித்திருக்கிறார்.

5. அன்று மாலையே என்னையும் அழைத்து விசாரணை. அந்த மாணவனை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண் பிள்ளை காதலைச் சொன்னது பாடமாம். பெண் பிள்ளை பதில் சொன்னது ஒழுக்கக்கேடாம். ஆங்கில ஆசிரியரைக் கேட்டபோது, "நான் போர்டு பக்கம் திரும்பி இருந்தேன் சார்" என்றார். காதலுக்காக உயிரை விட்டவர்களைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குபவரால் தன் மாணவிக்காக ஒரு வாக்கியம் விட முடியவில்லை. கண்ணில் கட்டுப் போட்டவர்களை நான் நாள்தோறும் கைப்பிடித்து நடத்துகிறேன். தனக்குத் தானே கட்டிக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

6. பிறகு தலைமையாசிரியர் அவர்கள் தட்டச்சு செய்த ஒரு மன்னிப்புக் கடிதத்தை என் முன் வைத்தார். "உணர்ச்சிவசப்பட்டு சக மாணவனிடம் என் காதலைத் தெரிவித்தேன்" என்று அதில் இருந்தது. அவளும் நானும் கையெழுத்திட்டால்தான் ஹால் டிக்கெட் தருவாராம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா. போட்டுட்டுப் போயிட்டே இருங்க" என்றார். நான் போடவில்லை.

7. பெற்றவள் என்ற முறையில் மகளிடம் நேராகவே கேட்டேன், அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவனையா? மளிகை லிஸ்ட் மாதிரி படிச்சான்மா. ஆனா அந்தப் பொண்ணு பதில் சொல்லணும்னு துடிச்சிட்டு நிக்குது. ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருன்னு சொன்னா எப்படி?" இதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், போய்ப் படி என்று அதட்டினேன்.

8. என் மகள் எதையும் உரக்கப் படிப்பவள். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, மின்சார ரசீது எதையும் விட மாட்டாள். நான்தான் காது வலிக்கிறது என்று கத்துவேன். ஒரு வாரமாக வீட்டில் சத்தமே இல்லை. பாடப் புத்தகத்தைக்கூட உதடு அசையாமல் படிக்கிறாள். அந்தச் சுற்றறிக்கை விரும்பியது இதைத்தான் என்றால், அது முழு வெற்றி பெற்றுவிட்டது. என்னால் இதைத் தாங்க முடியவில்லை, ஐயா.

9. ஆகவே ஹால் டிக்கெட்டை நிபந்தனையின்றி வழங்கவும், அந்த மன்னிப்புக் கடிதத்தை என் மகள் கண் முன்னே கிழிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். கேள்வியும் பதிலும் ஒரே கிழமையில் வர ஆவன செய்தால் மற்ற பிள்ளைகளும் பிழைப்பார்கள்.

10. மகளிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டு அந்த நாடகத்தை நானும் முழுதாகப் படித்தேன். அதில் தங்களைப் போல் அதிகாரத்தில் உள்ளவர் ஒருவர் வருகிறார். தெருவில் அடிதடி முற்றிய பிறகு வருகிறார். கொலை விழுந்த பிறகு வருகிறார். கடைசியில் பிணங்களுக்கு நடுவே நின்று எல்லோரையும் கண்டித்து மிக நன்றாகப் பேசுகிறார். என் மகள் சாகப்போவதில்லை. இந்த அற்பங்களுக்காகச் சாக நான் அவளை வளர்க்கவில்லை. அவள் பரீட்சைதான் எழுத வேண்டும். ஹால் டிக்கெட்டுகளை வெள்ளிக்கிழமை கொடுத்து முடிக்கிறார்கள். தாங்கள் வியாழக்கிழமையே வாருங்கள்.

இடம்: பள்ளி எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை
நாள்: திங்கட்கிழமை (பதிலுக்குப் புதன்கிழமை வரை காத்திருக்கிறேன்)

இப்படிக்கு,
(கையெழுத்து)
பதில் சொன்னவளின் தாய்