மூணு சுவர் அறை

மார்ச் 3

என் அன்புக் குண்டுவுக்கு,

அக்கா எழுதுறேன். போன் பண்ணலையேன்னு நினைக்காதே. நாம போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை, நாலாவது நிமிஷம் ரெண்டு பேர்ல ஒருத்தி கட் பண்ணிடுறா. காகிதத்துல எழுதினா நீ குறுக்கே பேச முடியாது, முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

உன் கண்ணாடிக் கடைக்காரங்க ஜூலை முதல் தேதியில இருந்து உன்னை வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புறாங்களாமே. உன் மாமாகிட்ட சொல்லியிருக்க, என்கிட்ட சொல்லல. போகட்டும். விஷயத்துக்கு வர்றேன். நீ போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் என் வீட்டுல தங்கணும். பகல்ல வந்து சோபா நுனியில உட்கார்ந்து, ஒரு வாய் டீயைக் குடிச்சுட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற கதை வேண்டாம். என் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சு, அப்புறம் ஒரு ராத்திரி கூட நீ இங்க தலை சாய்க்கல. அதை மாத்தாம உன்னை நான் விமானம் ஏத்துறதா இல்லை.

உனக்காகப் பின்னறையை அடியோட மாத்திக்கிட்டு இருக்கேன். பதினெட்டு வருஷமா பர்னிச்சர் கடையில ஷோரூம் அலங்காரம் பண்றவ நான், எனக்கா தெரியாது? கால் வைச்சதும் மனசு அடங்குற மாதிரி ஒரு அறை வேணும். சுவருக்கு மூணு நிறம் அடிச்சுப் பார்த்துட்டு, இப்ப பால் ஏடு நிறத்துல வந்து நின்னிருக்கேன். கண்ணைக் குத்துற ட்யூப் லைட்டைக் கழட்டிட்டு மஞ்சள் பல்பு போட்டாச்சு. ஜன்னலுக்குப் பருத்தித் திரை, கட்டில்ல இருந்து இறங்கினா பாதம் படுற இடத்துல சின்னக் கம்பளம். உன் மாமா அந்தப் பக்கமே வர்றதில்லை. வந்தா கையில சுத்தியல் குடுத்துடுவேன்னு பயம்.

அறை வாசல் வளைவை மட்டும் தொடல. அறைக்கே அழகு அதுதான். கடையோட விளம்பரப் புத்தகத்துல படம் எடுத்துப் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? எந்தத் தேதியில வர்றேன்னு உடனே எழுது.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. எனக்காக இவ்வளவு சிரமப்பட வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி கட்டாயம் வந்து பார்த்துட்டுப் போறேன். தங்குறது மட்டும் கஷ்டம். இங்க கடையில கணக்குப்பிள்ளையில இருந்து லென்ஸ் தேய்க்கிறவர் வரைக்கும் எல்லாருக்கும் என் வேலையைச் சொல்லிக் குடுத்துட்டுப் போகணும். அதுவும் இல்லாம, இடம் மாறினா எனக்குத் தூக்கம் வராது.

மாமாவோட முழங்கால் வலி எப்படி இருக்கு? அவரைச் சுவர் தேய்க்க விடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை


ஏப்ரல் 2

என் அன்புக் குண்டுவுக்கு,

இடம் மாறினா தூக்கம் வராதாம். கடல் தாண்டிப் போகப் போறவ பேசுற பேச்சா இது? யார் காதுல பூ சுத்துற?

நான் விடுறதா இல்லை. அறை முடிஞ்சது. நீ வர்றதுக்கு முன்னாடி யாரையாவது தங்க வைச்சுப் பார்க்கலாம்னு உன் மாமாவோட அக்காவைக் கூப்பிட்டேன். அஞ்சு நாள் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தாங்க. தண்ணி ஜாடி தலைமாட்டுல, படுத்தபடியே அணைக்கிற மாதிரி விளக்கு, பெட்டி வைக்கத் தாழ்வா ஒரு மேடை, ஈரத் துண்டு போடக் கொக்கி, ஒண்ணும் விட்டுப் போகல. என் நாத்தனார் வாயில இருந்து பாராட்டு வாங்குறது லேசுப்பட்ட காரியமா? வாங்கினேன். அழகா இருக்கு, பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு சொன்னாங்க.

மறுநாள் காலையில பார்த்தா முழுசா உடுத்திக்கிட்டு, கைப்பையை மடியில வைச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்த மாதிரி கட்டில்ல உட்கார்ந்திருக்காங்க. புடவை மாத்துறதுக்குக் கூட அத்தனையையும் அள்ளிக்கிட்டுக் குளியலறைக்குப் போனாங்க. மத்தியானமே வீட்டுல வேலை இருக்குன்னு கிளம்பிட்டாங்க. அவங்க வீட்டுல ஒரு வேலையும் இல்லை, எனக்குத் தெரியும்.

மெத்தையை அமுக்கிப் பார்த்தேன், விளக்கைக் கிட்ட வைச்சேன், தள்ளி வைச்சேன். ஒண்ணும் புரியல. உனக்குத் தெரியும், குண்டு. மாப்பிள்ளை தவறினப்புறம் எட்டு மாசம் அந்த அறையில இருந்தவ நீ. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போன. ஏன்னு நான் கேட்கல. கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம். இப்ப கேட்கிறேன். ஒளிக்காம எழுது. எவ்வளவு உறைச்சாலும் தாங்கிக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த அறைக்குக் கதவு இல்லை.

உன் ஷோரூம்ல எல்லா அறைக்கும் மூணு சுவர்தான். நாலாவது பக்கம் ஆளுங்க நின்னு பார்க்கிறதுக்கு. அங்க அது சரி, அங்க யாரும் தூங்கப் போறதில்லை. வீட்டுலயும் அதையே செஞ்சு வைச்சிருக்க.

அவர் போனதுக்கப்புறம் எனக்கு அழணும் போல இருந்தது, அக்கா. வேற ஒண்ணும் வேண்டியிருக்கல. கட்டில்ல படுத்தா ஹால்ல இருந்து நான் தெரிவேன். வளைவுல தொங்கின திரையை இழுத்து விட்டா, பத்து நிமிஷத்துல நீ வந்து மடிப்பு சரியா விழலைன்னு ஒதுக்கிட்டுப் போவ. அதனால குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். அங்கயும் நீ வந்து தட்டுவ, தண்ணி வீணாப் போகுதுன்னு. எட்டு மாசமும் இப்படித்தான் போச்சு.

நீ எனக்கு ஒரு குறையும் வைக்கல. வேளா வேளைக்குத் தட்டை நீட்டின. அதனாலதான் சண்டை போட வாய் வராம பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். கேட்ட, சொல்லிட்டேன். மனசுல வைச்சுக்காதே.

இப்படிக்கு,
உன் தங்கை


மே 19

என் குண்டுவுக்கு,

உன் கடிதம் வந்து அஞ்சு வாரத்துக்கு மேல ஆச்சு. மூணு வாரம் கோபத்துல போச்சு. இவளுக்கு ஊட்டி விட்டது நானு, குழாயை நிறுத்தச் சொன்னது குத்தமான்னு உன் மாமாகிட்ட கத்தினேன். அவர் பேப்பரை மடிச்சு வைச்சுட்டு, அந்த அறையில போய் ஒரு மணி நேரம் படுத்துப் பாரு, நான் ஹால்லயே இருக்கேன்னு சொன்னார்.

படுத்தேன். அவர் என் பக்கம் திரும்பக் கூட இல்லை. அப்படியும் என்னால சுவர் பக்கம் புரண்டு படுக்க முடியல. புடவையைச் சரி பண்றேன், தலையணையைச் சரி பண்றேன். கால் மணி நேரத்துல எழுந்துட்டேன். எத்தனை நூறு கட்டிலுக்கு விரிப்பு விரிச்சிருக்கேன், ஒண்ணுலயும் படுத்ததில்லைன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

இன்னொண்ணு இருக்கு. இதை உன் மாமாவுக்குக் கூடச் சொன்னதில்லை. அங்க முதல்ல கதவு இருந்தது. நீ வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி ஆள் வைச்சுக் கழட்டினது நான். அழகுக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நிஜமான காரணம் பயம். மாப்பிள்ளையை எடுத்த அன்னைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். நீ உள்ள தாழ் போட்டுக்கிட்டு ஏதாவது பண்ணிக்கிட்டா நான் என்ன செய்வேன்? குழாய்ச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து தட்டினதும் அதுக்குத்தான். தண்ணியாவது மண்ணாவது. அப்புறம் வளைவு அழகா அமைஞ்சு, ஊரே பாராட்டினதும், பயத்தை மறந்துட்டு அழகை மட்டும் ஞாபகம் வைச்சுக்கிட்டேன். உன்னைப் பத்திரமாப் பார்த்துக்கிறதா நினைச்சு உன்னை அழ விடாமப் பண்ணியிருக்கேன். தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடு.

வளைவு போயாச்சு. அதைச் செஞ்ச கார்பென்டரே பெயர்க்க மாட்டேன்னு அடம் பிடிச்சார். இதைக் காட்டித்தான் நாலு வீட்டுல வேலை பிடிச்சாராம். அவர் கையில இருந்து உளியையும் சுத்தியலையும் வாங்கி முதல் அடியை நானே போட்டேன், அப்புறம் வழிக்கு வந்தார். இப்ப நல்ல கனமான மரக் கதவு. பால் ஏட்டு நிறச் சுவருக்குச் சுத்தமாப் பொருந்தல, இருக்கட்டும். சாத்தினா சத்தம் வராது. கம்பளம் தடுக்கக் கூடாதுன்னு கீழ ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கார்.

தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். அவசரம்னா வெளியில இருந்து திறக்க ஒரு வழி வைக்கட்டுமான்னு கார்பென்டர் கேட்டார். அந்தத் தாழை நாலு தடவை போட்டுப் பார்த்தேன், குண்டு. வேண்டாம்னு சொல்லிட்டேன்.

வா.

உன் அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலயே பிரிச்சுட்டேன். கண்ணைக் காட்ட வந்தவர் எனக்குத் தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு.

உனக்கு அப்படி ஒரு பயம் இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு ரெண்டு தடவை வந்ததுன்னு உனக்கும் தெரியாது. வந்தது, போயிடுச்சு. இப்ப வர்றதில்லை. நீ கேட்காமலே சொல்றேன்.

ஜூன் ஆறாம் தேதி சனிக்கிழமை வர்றேன். திரும்பி வர ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. அறையைப் பார்க்கிறேன், அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பார்க்கும்போது என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்காதே.

இப்படிக்கு,
உன் தங்கை


பின்னறை
சனிக்கிழமை, மாலை ஐந்தரை

அக்கா,

பையில வேற காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டோட பின்பக்கம் எழுதிக் கதவுக்கு அடியில தள்ளுறேன்.

தாழ் போட்டிருக்கேன். கொஞ்ச நேரம் அழுவேன், அப்புறம் தூங்குவேன். ரெண்டுக்கும் பயப்படாதே. நீ வெளியில நிக்கிறது இடைவெளியில தெரியுது, கால் வலிக்கும், போய் உட்காரு. விளக்கு இதமா இருக்கு. ஜன்னல் திரையை நான் இழுத்து விட்டதுல மடிப்பு கோணலா விழுந்திருக்கு, அப்படியே விட்டுட்டேன்.

எழுந்ததும் நானே திறக்கிறேன்.

குண்டு