பள்ளி வாசலை நகர்த்திய தீர்மானம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ அவளைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, இங்கே ஒரு சீர்திருத்தம் நடந்திருக்கிறது. பள்ளி வாசலுக்கும் மதுக்கடைக்கும் நூறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது புது விதி. அரசு சார்பில் அளந்தவன் நான்தான். எழுபத்திரண்டுதான் வந்தது. ஊராட்சிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள்.

"கடையை மாத்தினா ஊரே சண்டைக்கு வரும்யா. வாசலை மாத்துங்க," என்றார் தலைவர்.

"அப்போ குடிக்கிறவங்க கால் வலிக்கக் கூடாது, பிள்ளைங்க சுத்தி நடக்கலாம்?" என்றார் தலைமையாசிரியை.

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா."

முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. பின்வாசலிலிருந்து நூற்று நான்கு மீட்டர். கை நடுங்கியதால் இரண்டு முறை கையெழுத்துப் போட்டேன்.

பாப்பாவைத் திரும்ப அழைத்து வா. அன்று போல அவள் தோழிகளோடு நின்று தலைகுனிய வேண்டியிருக்காது. புது வாசலிலிருந்து பார்த்தால், நான் கடையைவிட்டு வெளியே வருவது தெரியாது.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா